இருபத்தெட்டு வீதம்

ஜெல் பூசும்போது குளிர்கிறதா என்று
எல்லோரிடமும் கேட்பேன்.
குணரெத்தினத்திடம் கேட்பதில்லை.
வாழைச்சேனை ஐஸ் ஃபெக்டரியில்
இருபத்தாறு வருடம் கட்டி சுமந்த நெஞ்சு.

திரையில் சாம்பல் நிறத்தில் அது வருகிறது.
நல்ல இதயம் மாங்காய்போல நுனி கூர்ந்திருக்கும்.
இது தோடம்பழமாய் உருண்டுவிட்டது.
மற்றச் சுவர்கள் உள்ளே வரும் நேரம்
நுனிச் சுவர் மட்டும்
வெளியே பிதுங்குகிறது.

அன்றிரவு வாய்வு என்று நினைத்தாராம்.
சோடா குடித்தார்.
உள்ளி சுட்டுத் தின்றார்.
பதினொரு மணித்தியாலம்.
"லொறி பிந்தினா எத்தின கட்டி தண்ணியாப் போகும் எண்டு
பாக்காமலே சொல்லுவன் மிஸ்.
இது தெரியாமப் போச்சு."

அன்றிரவு செத்தவை வெடித்துச் செத்தன.
தோல் கிழிந்து உள்ளிருந்ததெல்லாம் கொட்டி
அயலும் பற்றிக்கொண்டது.
அதற்கு இரத்தத்தில் ஒரு சாட்சி உண்டு,
ஒரு எண் உண்டு.

பிறகு போகிறவை வேறு.
மாதக்கணக்கில், இங்கொன்று அங்கொன்று.
கட்டளை உள்ளேயே எழுதியிருக்கிறது;
தன்னைத்தான் மடித்து மடித்து
பொட்டலமாய்க் கட்டி
பக்கத்தார் எடுத்து விழுங்கும்படி வைத்துவிட்டுப்
போய்விடுகின்றன.
வலி இல்லை.
என் கருவிக்கும் தெரியாது.
ஒக்டோபரில் முப்பத்தைந்து
ஜனவரியில் இருபத்தெட்டு என்று வரும்போதுதான்
யாரோ போயிருக்கிறார்கள் என்று விளங்கும்.
புதிதாய்ப் பிறப்பவை
வருடத்துக்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை.
காலியான இடத்தில் நார் வந்து பின்னும்.
அது பிடிக்கும்.
துடிக்காது.

இதற்கு அறிக்கையில் ஒரு சொல் இருக்கிறது.
தமிழில் என்ன என்று அவருடைய மகள் கேட்டாள்.
புனரமைப்பு, என்றேன்.
சொன்ன பிறகுதான் வாய் கசந்தது.

கடல் வந்துபோன மறுவருடம்
எங்கள் ஒழுங்கை முனையில் அந்தச் சொல்லைப்
பலகையில் எழுதி நட்டிருந்தார்கள்,
கொடுத்தவர் பெயருக்கு மேலே, நீல மையில்.
படிவத்தில் நாங்கள் ஐந்து பேர்.
திறப்பு வாங்கப் போனது மூன்று பேர்.
ஐந்து பேரின் வேலையை மூன்று பேர் பார்த்தோம்.
அம்மா அப்பாவின் கடனை.
தம்பி, அவனுக்கு வயது பத்து, அப்பாவின் சைக்கிளை.
நான் அக்காவை.
தடித்துப் போனோம்.
பலசாலிகள் என்றது ஊர்.

இங்கேயும் மிஞ்சியவைதான் நீள்கின்றன, பருக்கின்றன.
போனவற்றின் பங்கையும் சேர்த்து இழுக்கின்றன.
முதல் சில மாதம் சரிவருகிறது, அதுதான் மோசம்.
பெருத்த உடம்புக்கு இரத்தம் காணாமல்
அவற்றிலும் ஒன்று, ஒரு நாள்,
தன்னை மடிக்கத் தொடங்கும்.

மாத்திரையில் அவருக்கு நம்பிக்கை இல்லை.
"நல்லா அடிக்கிற நெஞ்ச
ஏன் மிஸ் மெதுவாக்கிற?"
நான் டொக்டர் இல்லை. ஆனாலும் சொன்னேன்:
மிஞ்சினத மிஞ்ச விடத்தான்.

கணுக்காலை அமத்தினேன். குழி விழுந்தது,
எழும்ப நேரம் எடுத்தது.
உப்பு? "கருவாடு மட்டும்."
மகள் முகட்டைப் பார்த்தாள்.

இப்போது அவர் கட்டி தூக்குவதில்லை.
வாசலில் கதிரை போட்டு, கொப்பியில்
ஏற்றியதற்கு ஒரு கோடு
கரைந்ததற்கு ஒரு கோடு.
"பிழை விடமாட்டன்."

நான் இரண்டு தரம் அளந்தேன்.
பிறகு மூன்றாம் தரம்.

"கூடல்லையா?"
குறையல்ல, என்றேன். அதே இருபத்தெட்டு.

நெஞ்சைத் துடைத்தார்.
பொத்தானை ஒன்று தள்ளிப் பூட்டினார்;
மகள் கழற்றிச் சரியாய்ப் பூட்டினாள்.
"அப்ப மறுகா வாறன் மிஸ்."

வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.
கட்டிலில் புதுத் தாள் விரிக்கிறேன்.